பழைய கிணறு

நிலத்தில் பணம் போடப் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் மண்ணைத்தான் பார்ப்பார்கள். அது தவறு. கொல்லங்கோட்டுப் பக்கம் மலைக்காற்று வீசி ஈரத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். இங்கே கிணற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நான் முதலில் கைவைத்த தோட்டத்தில் நல்ல கிணறு இருந்தது. கோடையிலும் மாடு பூட்டி இறைக்கலாம். என் அக்கா மருதாத்தாளும் மச்சான் கருப்புசாமியும் வெட்டியது. நான்கு வருஷம் மச்சான் கடப்பாரை பிடித்தார், அக்கா மண் சுமந்தாள். ஊற்றுக் கண்ட மறுவாரம் ஒரு பக்கம் சரிந்து, மச்சான் உள்ளேயே போய்விட்டார். அவரைத் தூக்க இறங்கியவர்களில் நானும் ஒருவன். அன்று நான் அழுதது நடிப்பல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோட்டம் ஜென்மிக்குச் சொந்தம். மச்சான் குடும்பத்துக்கு அதில் பன்னிரண்டு வருஷப் பாட்டம், அதாவது குத்தகை. கெடு முடிந்ததும் புதுப்பித்து வரச் சொல்லி அக்கா என்னைத்தான் அனுப்பினாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், வேறு யாரை அனுப்புவாள்? அங்கே ஜென்மியின் காரியஸ்தர், மேல்சார்த்து கேட்டு இரண்டு பேர் வந்து போனதாகச் சொன்னார். மேல்சார்த்து என்றால், இருக்கிற குடியானவனுக்கு மேலே இன்னொருவன் பாட்டம் எழுதி வாங்கி, கோர்ட் மூலமாக அவனை வெளியேற்றுவது. சட்டம் அனுமதித்த வழிதான். அக்காவின் தோட்டம் எவனோ ஒருவன் கைக்குப் போவதைவிட என் கைக்கு வருவது மேல் அல்லவா? கடைக்கார ஈஸ்வரமூர்த்தியின் பெயரில் எழுதி வாங்கினேன்.

ஒரே ஒரு சிக்கல். வெளியேறுகிறவர் வைத்த மரத்துக்கும் வெட்டிய கிணற்றுக்கும் விலை கொடுத்தாக வேண்டும். அந்தக் கிணற்றுக்கான விலை என்னிடம் இல்லை.

அந்த வருஷம் நிலவரி சர்வே நடந்துகொண்டிருந்தது. சர்வேக்காரர் வந்தால் எங்கள் ஜனங்கள் இருக்கிறதையும் இல்லை என்பார்கள். கிணறு வெட்டினேன் என்று சொன்னால் வரி ஏறிவிடும் என்று பயம். மரத்தையும் கிணற்றையும் கணக்கெடுக்கக் கோர்ட் ஆமீன் வந்தபோது, அவரும் சர்வேக்காரர்தான் என்று அக்காவிடம் சொன்னேன். கோர்ட் நோட்டீசையும் அப்படித்தான் படித்துக் காட்டியிருந்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

ஆமீன் மலையாளத்தில் கேட்டதை நான்தான் எடுத்துச் சொன்னேன். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"அது பழைய கெணறுங்க. ஆரு வெட்டுனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

கைநாட்டும் வைத்தாள். அவர் போன பிறகு கிணற்றடியில் குனிந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், தம்பி சொல்லித்தான் அப்படிச் சொன்னேன் என்று மச்சானிடம் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கிணற்றுக்கு விலையில்லாமல் வெளியேறச் சொல்லித் தீர்ப்பு வந்தபோதுதான் விஷயம் அவளுக்கு விளங்கியது. பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி மனசு கேட்காமல், யாரோ ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிவிட்டார்கள் என்று அவளுக்காக மனு எழுதிக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார். அப்படிச் சொல்லச் சொன்னது யார் என்று முன்சீப் கேட்டார். என் பெயரைச் சொல்லியிருந்தால் தோட்டம் அவளுக்கு, ஜெயில் எனக்கு. அக்கா கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆரும் சொல்லலீங்க. என்ற புத்திதானுங்க கெட்டுப்போச்சு."

என் வீட்டில் வந்து இருக்கச் சொன்னேன். அவள் ஒரு கங்காணியோடு சாந்தன்பாறை மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனாள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே போய்விட்டாள். கடைசியாக அவள் சொல்லியனுப்பியதைக் கங்காணி அப்படியே வந்து சொன்னான்.

"சித்திரைக்குள்ள கெணத்துல சேறு வாரோணும்னு என்ற தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்க."

வாரினேன். சேற்றோடு மச்சானின் கடப்பாரையும் மேலே வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அழுதேன். அவளை மலையேற்றிக் கொன்றது நான்தான். அது இன்றுவரை யாருக்கும் தெரியாது, அவள் கோர்ட்டில் சொன்ன வார்த்தை அப்படி. பிறகு ஈஸ்வரமூர்த்தியிடமிருந்து தோட்டத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டபோது, அக்கா சொத்தைத் தம்பி மீட்டுவிட்டான் என்று ஊரே மெச்சியது.

நேற்று பொன்னாத்தாள் வந்திருந்தாள். போன வருஷம் புருஷனை இழந்தவள். அவளுடைய தோட்டம் என் வரப்பை ஒட்டியது. அதற்கும் ஈஸ்வரமூர்த்தி பெயரில் மேல்சார்த்து வாங்கியாகிவிட்டது. யாரோ ஆமீன் வருகிறாராம், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றாள். அக்கா மாதிரியே முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. உட்காரச் சொல்லி, குடிக்க மோர் கொடுத்தேன்.

"வரி ஏறிப்போயிருமுங்க அக்கா," என்றேன். "பழைய கெணறுன்னு சொல்லிப்போடுங்க."