தையற்பள்ளி விலாசம்

தண்ணீர் வேண்டாம், வரும் வழியிலேயே குடித்துவிட்டேன். ஃபேனை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், உங்கள் விசாரணைக் காகிதங்கள் பறக்கின்றன.

நாட்டின் இணையப் பெயர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. எல்லாப் பெயரும் நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்தில் முடியும். அதற்கு முன்னால் பிரிவு: கடைகளுக்கு ஒன்று, கல்லூரிகளுக்கு ஒன்று, சங்கங்களுக்கு ஒன்று. சங்கப் பிரிவு என் பொறுப்பு. ‘இன்னும் இயங்குகிறோம்’ என்று வருடம் ஒருமுறை அவர்கள் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் பெயரை நிறுத்தி, முப்பது நாள் பொறுப்போம். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

என் அக்கா பெண்களுக்கு ஒரு தையற்பள்ளி நடத்தினாள். அதற்குச் சங்கப் பிரிவில் ஒரு பெயரும் அதிலேயே ஒரு மின்னஞ்சலும் நான்தான் பதிந்து கொடுத்தேன். அக்காவும் அவள் மகளும் எலியும் பூனையுமாக இருப்பார்கள். ஒருநாள் பெண் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அதற்குப் பின் பள்ளி மூடியது, வீடு மாறியது, போன் எண் மாறியது. மின்னஞ்சல் மட்டும் மாறவில்லை.

“வாலுக்குத் தெரிஞ்ச விலாசம் அது ஒண்ணுதான்டா. அதை மட்டும் விட்டுடாத” என்பாள். மகளை அவள் வாலு என்றுதான் கூப்பிடுவாள்.

ஐந்து வருடம், காலையில் பல்கூடத் துலக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரே வீட்டில் இருந்தவன் நான். பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை.

விதியிலும் இடமில்லை. மூடிய பள்ளி சங்கம் ஆகாது. வருடாந்தரக் கடிதத்தை அவளுக்காக நான்தான் எழுதிவந்தேன், அந்த வருடம் எழுதவில்லை. பெயரை நிறுத்தும்போது எச்சரிக்கை அனுப்புவோம், நிறுத்திய பெயரில் உள்ள மின்னஞ்சலுக்கே. போய்ச் சேராது. அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரிப்போம், யாரும் திருத்தியதில்லை. புதிதாக எதுவும் வந்து சேராதே தவிர, அக்காவின் மின்னஞ்சல் பெட்டி வழக்கம்போலத் திறந்தது. காலியாக இருந்தது. என்றைக்கும் அப்படித்தானே இருந்தது.

பெயரை எடுத்து யாராவது கண்டதற்கும் பயன்படுத்தக் கூடாதே என்று, முப்பத்தோராம் நாள் என் பெயரில் பதிந்துகொண்டேன். அதற்கு வரும் கடிதங்களை என் பெட்டிக்குத் திருப்பினேன்.

ஏழு மாதம் கழித்து ஒன்று வந்தது. “அம்மா, இருக்கியா? உன் மேல கோபமெல்லாம் போயிடுச்சு. வரட்டுமா?”

நான் அவசரப்படவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அக்கா எழுதுவதுபோல, அதே விலாசத்திலிருந்து பதில் போட்டேன். “வர வேண்டாம். இப்பதான் நான் நிம்மதியா இருக்கேன்.”

அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள். “ஏன்டா, அந்த விலாசம் வேலை செய்யுதில்ல?”

“செய்யுதுக்கா. எதுவும் வரல, அவ்வளவுதான்.”

பெண் மறுபடி எழுதவில்லை.

போன மாதம் அக்கா இறந்தாள். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க அவள் கண் மூடவில்லை. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வாள், காட்டுவேன். எனக்கு அழுகை வந்துவிடும். அவள்தான் என் கையைப் பிடித்து, “நீ என்னடா பண்ணுவ, பாவம்” என்று தேற்றினாள்.

தையல் கற்ற பெண்கள் பேப்பரில் போட்ட இரங்கல் அறிவிப்பைப் பார்த்து மகள் வந்தாள், அந்தப் பதிலைத் தாளில் எடுத்துக்கொண்டு. அதன் தேதியில் பெயர் யார் கையில் இருந்தது என்று எங்கள் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். பார்த்திருக்கிறாள்.

எழுதியது நான்தான், குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. அவள் வீட்டை விட்டுப் போன அன்று மாடிப்படியில் நிறுத்தி, “உங்கம்மாதான் உன்னப் போகச் சொல்லிட்டா” என்று சொன்னதும் நான்தான். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. வீட்டில் தினம் சண்டை, எனக்குத் தலைவலி. பெண் திரும்பி வந்திருந்தால், வாசலிலேயே அம்மாவிடம் அதைத்தான் கேட்டிருப்பாள்.

ஆனால் அதற்குப் பயந்து நான் எதுவும் செய்யவில்லை. அக்கா நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் செய்தேன்.