பாம் பட்டனைத் தொடாதவன்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். குறை சொல்லவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் சமமாக நிற்கிறதா என்றுதான் முதலில் கண் போகும்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். ஜப்பான்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த சுடும் ஆட்டம் அது. திரையின் கீழே ஒரு குட்டி விமானம், அதுதான் நீங்கள். மேலேயிருந்து குண்டுகள் ஆலங்கட்டி மழை மாதிரி இறங்கும். உங்களுக்கு இரண்டு பட்டன். ஒன்று சுடுவதற்கு. இன்னொன்று பாம். அதை அழுத்தினால் திரையில் இருக்கிற குண்டெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும். பயந்தாங்கொள்ளிகளுக்காக வைத்தது. நான் அதைத் தொட்டதே இல்லை.

அந்த ஆட்டத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. ஆடியவர்கள் கருத்து எழுதி நட்சத்திரம் கொடுப்பார்கள். படித்தால் வயிறு எரியும். குண்டு அதிகமாக இருக்கிறது என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார். கடலில் இறங்கிவிட்டுத் தண்ணீர் அதிகம் என்கிறவரை என்ன செய்வது? ஒரு பல் டாக்டர், இசை பிரமாதம், ஆட்டம்தான் குறுக்கே வருகிறது என்றார். இன்னொருவர், தான் இன்னும் ஆடவில்லை, அண்ணன் ஆடியதைப் பார்த்து எழுதுகிறேன் என்று நாலு போட்டார். அந்த அண்ணனே வந்து மூன்றுதான் என்றார்.

இந்தச் சந்தைக்கடையில் என் கருத்து ஒன்றுதான் கருத்து மாதிரி இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தொடங்கி நீளமாக எழுதியிருந்தேன். சாரம் இதுதான்: குண்டுகளுக்கு நடுவே எப்போதும் இடம் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாதவன்தான் பாம் அழுத்துவான். அப்படி ஜெயித்தவன் ஜெயித்தவனே அல்ல. பாமைத் தொடாமல் கடைசிவரை முடித்தவன் என்கிற உரிமையில் எழுதினேன். வருஷக்கணக்காக அதுதான் பக்கத்தின் உச்சியில் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் என்னைக் குருவே என்பார்கள். அப்படியெல்லாம் கூப்பிட வேண்டாம் என்று சொல்வேன், இரண்டு நாள் கழித்து.

மாப்பிள்ளைக்கு அந்த ஆட்டத்தைக் காட்டியதே நான்தான். என் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் நான், எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான். நல்ல மனிதர், யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். வேலையில் நாங்கள் ஒரு ஜோடி. அவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறிக் கம்பிவடத்தைப் பார்ப்பார். நான் உச்சியில், மெஷின் ரூமில் நின்று பெட்டியை ஏற்றி இறக்குவேன். ஒரு நாள் அவரும் கருத்து எழுதினார். மூன்றே வரி. பாம் கொடுத்திருப்பது அழுத்தத்தான். பயமாக இருந்தால் அழுத்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் அழுத்தி அழுத்தித்தான் முடித்தேன், சந்தோஷமாக இருந்தது. ஐந்து நட்சத்திரம்.

ஜனங்கள் விழுந்துவிட்டார்கள். பல் டாக்டர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினார். ஒரே வாரத்தில் மாப்பிள்ளையின் மூன்று வரி உச்சிக்குப் போய்விட்டது. என்னுடையதைப் பார்க்க விரல் வலிக்கும்வரை கீழே தள்ளிக்கொண்டு போக வேண்டும். எனக்குப் பொறாமை கிடையாது. லிஃப்ட்டில் பெட்டி மேலே போனால் எதிர்ப்பக்கத்து எடை கீழே வந்துதானே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு யாரோ ஒரு குசும்பன், குரு பாம் இல்லாமல் முடித்ததை யாராவது கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தான். மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது, எனக்காக. அன்று மாலை தங்கையோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் அந்த ஆட்டத்தை ஆடுகிற ஆட்டப்பெட்டியை மடியில் வைத்து, பட்டன்களை விரலால் தடவிப் பார்த்தார். எதற்கோ சிரித்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. பிறகு சொன்னார்:

"மச்சான், ஞாயித்துக்கிழமை கருத்து எழுதுற எல்லாரையும் இங்க வரச் சொல்லிட்டேன். நீங்க ஆடிக் காட்டுங்க, அவன் வாயை மூடிருவான். முடியலன்னா அழுத்திருங்க மச்சான். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

தங்கை சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் பெட்டியின் கூரையிலும் ஒரு சிவப்பு பட்டன் உண்டு, சார். அதை அழுத்தினால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். மெஷின் ரூமில் இருக்கிறவன் தலைகீழாக நின்றாலும் நகராது. அதுவும் பயந்தவர்களுக்காக வைத்ததுதான். மாப்பிள்ளை டீ குடிக்கப் போன நேரத்தில் அதற்குப் போகிற ஒயரில் சின்ன வேலை செய்தேன். அதன்பின் அது எதையும் நிறுத்தாது. விரோதம் ஒன்றுமில்லை. அவருடைய கருத்து சரியா, என்னுடையது சரியா என்று வேறு எப்படித்தான் பார்ப்பது?

அவர் கூரையில் ஏறிக் குரல் கொடுத்ததும் பெட்டியை மேலே ஏற்றினேன். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தவில்லை; மேலே மெஷின் ரூமின் தளம், கீழே ஏறி வருகிற கூரை, நடுவில் அவர். வேகம்கூட வைக்கவில்லை, பழுது பார்க்கிறபோது போகிற ஆமை வேகம்தான். எந்த ஆட்டத்திலும் அவ்வளவு அவகாசம் கிடைக்காது.

"போதும் மச்சான், நிறுத்துங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பட்டன் வேலை செய்யல மச்சான்" என்றார். திட்டவில்லை. ஏதோ பழுது, மேலே மச்சான் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருக்கிறார். மெஷின் ரூம் தரையில் வடம் இறங்குகிற துளைப்பக்கம் குனிந்து, "இடம் இருக்கு மாப்பிள்ளை, நல்லாப் பாருங்க" என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. பெட்டி உச்சியை முட்டினாலும் கூரையின் பின் மூலையில் ஓர் ஆள் குந்தி உட்கார இடம் இருக்கிறது. நீங்களே போய் அளந்து பார்க்கலாம். அவர் பார்க்கவே இல்லை. கடைசிவரை கை அந்தப் பட்டன்மேல்தான் இருந்தது என்று அவரைக் கீழே இறக்கியவர்கள் சொன்னார்கள். அழுத்திப் பழகிய கை, பாவம்.

தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாராவது என்றால் பக்குவமாகச் சொல்ல மாட்டார்கள். என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். "அண்ணா, அவர் உன்னைப் பத்திப் பெருமையாப் பேசாத நாளே இல்லைண்ணா" என்றாள். தெரியும்மா என்றேன்.

பிறகு அந்த இணையப் பக்கத்தில் ஓர் இரங்கல் எழுதினேன். அங்கேதான் கொஞ்சம் அதிகப்படியாகப் போய்விட்டேன். ஆபத்தில் பட்டனை நம்புகிறவர்களுக்கு இது ஒரு பாடம் என்று ஒரு வரி சேர்த்தேன். பட்டன் வேலை செய்யவில்லை என்பது அப்போது போலீஸ்காரர்கள் உங்களுக்கே தெரியாது என்கிறீர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கருத்தால் கெட்டேன். இருந்தாலும் அந்த வரியை நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பயந்து செய்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அபாண்டம். என் ஆட்டப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக்கொண்டு, சுடுகிற பட்டனில்கூட எழுத்து அப்படியே இருக்கிறது, பாம் பட்டன் மட்டும் ஏன் இப்படி வழவழவென்று தேய்ந்துபோயிருக்கிறது என்று கேட்கிறீர்கள். தொடாத பட்டன் இல்லையா, சார். தூசி படியும். துடைத்துத் துடைத்து அப்படி ஆகியிருக்கும்.