முதல் கியரில் இருந்த கார்

என் பெயரையும் முகவரியையும் முதலிலேயே எழுதிக்கொண்டார்கள். எனக்கு வயது நாற்பத்தொன்று. தையல் வேலை செய்கிறேன். இவ்வழக்கில் கைதாகியிருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் என் கணவர். அடிபட்டு மருத்துவமனையில் இருப்பவர் என் கூடப்பிறந்த அண்ணன், லாரி ஓட்டுநர். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் கணவரும் அண்ணனும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அண்ணனுடைய பழைய காரைப் பற்றி, "அதப் பழைய இரும்புக்குப் போட்டாக்கூட கடைக்காரன் யோசிப்பான்" என்று பத்துப் பேர் முன்னால் என் கணவர் சொல்லிவிட்டார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணனுக்கோ அந்தக் காரைச் சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி. அண்ணி தன் புகாரில் முன்விரோதம் என்று சொல்லியிருப்பது இதைத்தான். வேறு பகை கிடையாது.

நேற்றுக் காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அண்ணன் எனக்குப் போன் செய்தார். "மாப்பிள்ளைய வரச் சொல்லும்மா, பழசையெல்லாம் விட்டுடலாம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முரண்டு பிடித்த கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

கார் கொட்டகைக்குள் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. பானெட்டைத் தாங்கும் கம்பி எப்போதோ தொலைந்துவிட்டதால், அண்ணன் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கட்டை ஏதாவது முட்டுக்கொடுக்கலாம் என்று கணவர் சொன்னதற்கு, "நான் புடிச்சுக்கறேன், நீங்க வேலையப் பாருங்க மாப்பிள்ளை" என்றார். அதன்பின் கணவர் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது, பேட்டரியில் குறை இல்லை என்றார். டெர்மினல்களைச் சுரண்டி இறுக்கினார். அதன்பின் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, "நியூட்ரல்ல இருக்கா பாரு" என்றார். கியரில் இருந்தது. எடுத்துவிட்டு, "இப்ப நியூட்ரல்தான்" என்றேன்.

அவர் சொன்னபோதெல்லாம் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டருக்கு வரும் சின்ன ஒயரில் அவர் வைத்த டெஸ்ட் லேம்ப் எரியவில்லை. சாவி ஸ்விட்சிலிருந்து கரண்ட் வரவில்லை, ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா என்று டைரக்ட் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். டைரக்ட் என்பது ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளை ஸ்குரூ டிரைவரால் சேர்த்துத் தொடுவது. கார் கியரில் இருந்தால் பாய்ந்துவிடும். அதனால்தான் அவர் நியூட்ரலைக் கேட்டது. அதன்பின், "சாவி ஆன்லயே இருக்கட்டும். நீ எறங்கி அந்தப் பெரிய ஸ்குரூ டிரைவர எடுத்துக் குடு" என்றார்.

அந்தக் காரில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. நான் கல்யாணத்துக்கு முன் ஓட்டப் பழகியதே அந்தக் காரில்தான். முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார், மறந்தால் தலையில் குட்டுவார். நேற்று இறங்கும்போதும் கிளட்சை மிதித்து முதல் கியரில் போட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

ஸ்குரூ டிரைவர் பட்டதும் எஞ்சின் பிடித்து, கார் முன்னால் பாய்ந்தது. அண்ணனுடைய கால்கள் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டின. அவர் கத்தவில்லை. "மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். கணவர் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை அணைத்தார். அதன்பின் கியர் கம்பியைப் பிடித்தார். பிடித்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நியூட்ரலுக்கு எடுத்து, காரைப் பின்னால் தள்ளினார்.

கியரில் போட்டது யார் என்று போலீசார் கேட்டபோது, "நான்தான்" என்று அவர் சொன்னார். அதனால்தான் வேண்டுமென்றே செய்ததாக வழக்கு ஆகியிருக்கிறது. மாலையில் சாப்பாடு கொண்டுபோனபோது என்னிடம், "நீ வாயத் தெறக்காத. வீட்ல புள்ள இருக்கு" என்றார். நானும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை அண்ணனைப் பார்க்கப் போனேன். இரண்டு காலிலும் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். இனி லாரி ஓட்ட முடியுமா என்று டாக்டர் சொல்லவில்லை. "உன் புருஷன் என்னக் கொல்லப் பாத்துட்டான்மா" என்று அண்ணன் அழுதார். நான்தான் அண்ணா என்று சொல்ல நினைத்தேன், சொல்லாமலே எழுந்துவிட்டேன். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை, தூண்டவும் இல்லை. எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். 'கை தவறிக் கியர் விழுந்துவிட்டது' என்று ஓர் இடத்தில் இருந்தது. எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் அவர் அப்படி எழுதினார். அதை அடிக்கச் சொன்னேன். என் கை தவறவில்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்தபடியே சரியாகத்தான் போட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)