கக்கூஸ் யன்னலால வந்த சூரியன்

இல்லைத் தம்பி, நீங்களே சொல்லுங்கோ. சூரியன் இடம் மாறி எழும்பினா அது வீடு கட்டினவன்ர பிழையோ?... இருங்கோ, இருங்கோ. சுவர் மட்டம் பாக்கிற மட்டக்கோல் தானே, தாறன். உள்ள எங்கையோ கிடக்கு. பக்கத்து வளவுக்கு வந்து ஒரு கிழமையாகேல்லை, அதுக்குள்ள அத்திவாரம் வெட்டியாச்செண்டு கேள்விப்பட்டன். நல்லது. ஆனா மேசன்மாரை மட்டும் நம்பாதையுங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ... அதில இல்லை, அது நான் செய்தது, ஒரு கால் ஆடும். மற்றதில இருங்கோ.

இந்த வீட்டில ஒவ்வொரு கல்லும் என்ர கையால வைச்சது. அப்புத்துரை ஆரெண்டு ஊருக்குக் காட்டவேணுமெண்டுதான் வைச்சனான். தொடக்கத்தில சின்னராசா எண்டு ஒரு மேசன் வந்தவர்தான். உடையார்கட்டில பாதி வீடு அவர் கட்டினதாம். போன பங்குனி மாசம். வந்து என்ன செய்தவர் தெரியுமோ? காலமை வெள்ளன முத்தத்தில நிண்டு, கையை இப்பிடி நெத்தியில வைச்சு, அந்தா அந்தப் பாலை மரத்துக்குப் பின்னால சூரியன் வாறதைப் பாத்துப்போட்டு, அண்ணை இதுதான் கிழக்கு, வாசல் நிலையை இதுக்கு நேர வைப்பம் எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சூரியன் தையில ஒரு இடத்தில எழும்பும், ஆடியில ஒரு இடத்தில எழும்பும். அதை நம்பி ஒரு வீட்டை வைக்கலாமோ?

நான் போனை எடுத்தன். மகன் பிரதாபன் பிரான்ஸில இருந்து அனுப்பினது. உதுக்குள்ள திசைகாட்டி இருக்கு. கவரைப் பாருங்கோ... மூடினா டக்கெண்டு தானா ஒட்டும். இப்பிடியொரு கவர் முல்லைத்தீவு வரைக்கும் தேடினாலும் கிடையாது. நிலை வைக்க ஏழே காலுக்கு நல்ல நேரம். ஐயர் மந்திரம் சொல்லுறார், இராசமலர், என்ர மனுசி, மஞ்சளும் பூவும் வைச்சுக்கொண்டு நிக்கிறா. நான் போனை நிலையோட பிடிச்சு, அது கிழக்கெண்டு காட்டுமட்டும் நிலையைத் திருப்புறன். அண்ணை, வாசல் காட்டையெல்லே பாக்குது எண்டார் சின்னராசா. காடு நாலு பக்கமும் தானே கிடக்கு எண்டன். மனுசன் சாந்துக் கரண்டியைக் கழுவிப்போட்டு சைக்கிளில ஏறிப் போட்டார். போகட்டும். நான் இருக்கிறன் தானே.

அதோட தொடங்கிச்சு தம்பி. கார்த்திகை மழை, வாடைக்காத்தோட நேர ஹோலுக்குள்ள வருது. கதவை மூடுவமெண்டா கதவு ஊதிப்போச்சு. கதவும் நான்தான் செய்தது, ஆனா அது மரத்தின்ர பிழை. வடக்குப் பக்கம் வெயில் குறைவெண்டு வெத்திலைக்கொடி நட்டன். பின்னேர வெயில் நேர விழுந்து பொரிச்ச அப்பளமா வந்திட்டுது. கொடி தந்த கௌசலாட்டப் போய், நீ வருத்தக் கொடியை என்ர தலையில கட்டிப்போட்டாய் எண்டு பேசிப்போட்டு வந்தன். அவா இப்ப என்னைக் கண்டா மற்றப் பக்கம் பாக்கிறா. ஆக்களுக்கு நன்றி இல்லைத் தம்பி.

ஓமோம், மட்டக்கோல். மறக்கேல்லை. நான் அதைப் பாவிக்கிறேல்லை, என்ர கண்ணே போதும். ஏன், குசினிச் சுவர் சரியுதெண்டோ பாக்கிறியள்? அது உந்தக் கதிரை சரிவு.

தை மாசம் புது வீட்டுக்குக் குடிபூரல் வைச்சன். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. வாசலுக்கு நேர அடுப்பு மூட்டி, பால் பொங்கேக்க சூரிய வெளிச்சம் வாசலால வந்து பானையில விழவேணுமெண்டு இராசமலருக்கு ஆசை. பன்ரெண்டு வருசம் தகரக் கொட்டிலுக்குள்ள இருந்து கண்ட ஆசை. பாலும் பொங்குது, வெளிச்சத்தைக் காணேல்லை. சனம் திரும்பித் திரும்பிப் பாக்குது. பாத்தா... சூரியன் கக்கூஸ் யன்னலால வந்து, கொமட்டுக்கு மேலால எட்டி, ஐயரின்ர முதுகில விழுது. ஐயர் நல்ல மனுசன். அப்பிடியே திரும்பி நிண்டு கக்கூஸைப் பாத்துக் கும்பிட்டார். பிறகு எல்லாச் சனமும் அதைப் பாத்துத்தான் கும்பிட்டது. இராசமலரின்ர தமக்கை பரந்தனில இருந்து வந்தவ, அப்ப தேங்காயையும் அதுக்குள்ளயோ உடைக்கிறதெண்டு கேட்டா.

அண்டு பின்னேரமே இராசமலர் தமக்கையோட வெளிக்கிட்டிட்டா. இண்டைக்கு இருவத்திரண்டு நாள். போகேக்க ஒண்டுதான் சொன்னவ. "சின்னராசா அண்ணையைக் கூப்பிட்டு, பிழை என்ர எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. அண்டைக்கு வாறன்." என்ன பிழை விட்டனான் நான்? போன் எடுத்தா, கோழிக்குத் தீன் போட்டியளோ எண்டு கேட்டிட்டு வைச்சிடுறா. பொய் சொல்லேல்லைத் தம்பி, அவ இல்லாம எனக்கு ஏலாமத்தான் கிடக்கு. தேத்தண்ணியை ரெண்டு கோப்பையில ஊத்திப்போட்டுத்தான் யோசிக்கிறன். அதுக்காக விடாத பிழையை விட்டனெண்டு சொல்லேலுமோ?

என்ன, உங்கட போனிலயும் திசைகாட்டி இருக்கோ? பக்கத்தில வையுங்கோ, என்ரையைப் பாத்து உங்கடையைத் திருத்துவம்... பாத்தியளோ, உங்கடை பிழை. பாலை மரத்தைக் கிழக்கெண்டு காட்டுது, சின்னராசா மாதிரி. பழைய போனோ?... ஏன் என்ர கவரைக் கழட்டுறியள்?... என்னது, மூடியில காந்தமோ? அதாலதான் டக்கெண்டு ஒட்டுதோ?... பொறுங்கோ. முள்ளு ஓடுது. ஓடுது... பாலை மரத்தடியில போய் நிண்டிட்டுது.

திருப்பிப் போடுங்கோ பாப்பம்... வாசலுக்கு வந்திட்டுது. கழட்டுங்கோ... பாலை மரம்.

...ம்.

அப்ப வெத்திலைக்கொடியும்... மழையும்...

தம்பி, உதை ஊருக்குள்ள சொல்லிப்போடாதையுங்கோ. இருங்கோ, மட்டக்கோலை எடுத்துக்கொண்டு வாறன். அலுமாரிக்குப் பின்னாலதான் கிடந்தது... இந்தா, இருக்கு. புதுசு, உறையும் கழட்டேல்லை. இந்தாங்கோ தம்பி... தம்பி?

படலை திறந்து கிடக்கு. மட்டக்கோலையும் வாங்காமப் போட்டார். தன்ர வீட்டுக்குச் சின்னராசாவைப் பிடிக்கத்தான் போறார் போல.

...ஹலோ. இராசமலர். ஓம், போட்டன், கோழிக்குப் போட்டன். வைச்சிடாதை... சின்னராசாவின்ர நம்பர் உன்ர போனில கிடக்கோ?... சும்மாதான் கேக்கிறன்... இல்லை, சும்மா இல்லை. சிரியாதை. பிழை... பிழை அந்தக் கவரின்ர... வைச்சிடாதை, வைச்சிடாதை... சரி. என்ர.