தெற்குப் பார்த்த தட்டுகள்

— நாலு வெயில் தட்டையும் ஆர், காக்கா, தெற்கை திருப்பினது?

— நானில்ல, ஐயா.

— போன மாதம் நான்தானே வடக்கைப் பாத்துப் பூட்டினனான். இந்தப் பாறையில உங்களை விட்டால் கடற்காகம்தான்.

— அப்ப காகத்திட்டக் கேளுங்க, பாக்கியரத்தினம் ஐயா. நான் வெளக்குக்குக் காவல் மட்டுந்தான்.

— பகிடியை விடுங்கோ. வெயில் தட்டு பிழையாப் பாத்தால் பற்றரி ஏறாது. பழையபடி வடக்கை திருப்பப் போறன்.

— திருப்பாதீங்க. இண்டைக்கு என்ட மூத்த மகன் கடலுக்குப் போறான்.

— அதுக்குத்தானே சொல்லுறன். விளக்கு எரிய வேணும்.

— வடக்கப் பாத்தப்பதான் எரியல்ல. நீங்க பூட்டி அஞ்சாம் நாள் நூந்து போச்சு. அந்த ராவுதான் என்ட தம்பி ஸெய்னுதீன்ட தோணி இந்தப் பாறையில அடிச்சது.

— தெரியும், காக்கா. ஆளையும் எடுக்கேல்லையாம்.

— தோணியையும் எடுக்கல்ல.

— மழை முகில் எண்டுதான் கந்தோருக்கு எழுதிக் குடுத்தனான். தட்டோட வந்த புத்தகத்தில வடக்கு எண்டு கிடக்கு. பாருங்கோ.

— எனக்கு இங்கிலீசு ஏலாது. இப்ப உச்சி நேரம். ஒங்கட நெழல் எந்தப் பக்கம் விழுது?

— வடக்கை.

— அப்ப சூரியன்?

— தெற்கை. பொறுங்கோ. இந்தப் புத்தகம்... அவுஸ்திரேலியாவில அச்சடிச்சது. அங்கதான் சூரியன் வடக்கை நிக்கும்.

— அப்ப மழை இல்ல.

— இல்லை, காக்கா. நான்தான்.

— வெள்ளிக்கிழமை தொடக்கம் தட்டு தெற்கப் பாக்குது. வெளக்கு விடிய விடிய எரியிது.

— ஆனால் இந்த நட்டை வெறுங்கையால கழட்ட ஏலாது. இதுக்கெண்டு வந்த ஸ்பானர் ஒண்டேயொண்டு. அதைத் தட்டுப் பூட்டின அண்டைக்கே துலைச்சுப்போட்டன். மற்றது இண்டைக்குக் காலமைதான் கொழும்பால வந்தது.

— நீங்க தொலைக்கல்ல. ஒங்களக் கரையில எறக்கிட்டு வந்து தம்பி சொன்னான், ஐயா சாமானத் தோணியில மறந்துட்டாரு, அடுத்த முறை குடுக்கணும் எண்டு. அது தோணிக்குள்ளயேதான் கிடந்தது.

— அப்ப கடலுக்கடியில.

— தட்டு நிக்கிற சட்டத்துக்கு அங்கால குனிஞ்சு பாருங்க, ஐயா.

— இது... என்ர ஸ்பானர். பிடியில நான் சுத்தின சிவப்புத் துணியும் கிடக்கு. ஏன் இப்பிடித் தண்ணி சொட்டுது?

— வெள்ளிக்கிழமை தொடக்கம் இந்த வெயிலுக்குள்ளதான் கிடக்கு. இன்னும் காயல்ல.