பெரியம்மாவின் மெம்பர்ஷிப்

இல்லை சேர், அந்த மெம்பர்ஷிப்பை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அருமையான திட்டம். வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம், டொக்டர் வீட்டுக்கே வருவார், எந்த நேரமும் போனில் ஒரு நர்ஸ் இருப்பாள். பென்ஷன்காரர்களுக்கென்றே நடத்துகிறார்கள். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

கலாராணி பெரியம்மா லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பதுளை டவுனில் வீடு. மகன் சுரேஸ் அண்ணன் ஆஸ்திரேலியாவில். மூன்று வருஷமாக நான்தான் கூட இருந்தேன். பிரஷர் மெஷினை நானே தேடி வாங்கினேன். உப்பு எவ்வளவு, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், கால் வீங்கினால் என்ன அர்த்தம், எல்லாம் யூடியூப் பார்த்தே படித்தேன். எனக்கு அதில் அப்படி ஓர் ஆர்வம்.

எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பெரியம்மா தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் பிறந்தவர். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவரை அழைக்க யாரும் வெளியே போகமாட்டார்கள், சுவரைத் தட்டினால் போதும். டவுனுக்கு வந்தும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அவர் தட்டுவார், நான் ஓடுவேன். சில நாள் பத்துத் தடவைகூட. சத்தியமாக எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு சுரேஸ் அண்ணன் அந்த மெம்பர்ஷிப்புக்குப் பணம் கட்டினார், போன் நர்ஸாக ஷம்ரா வந்தாள்.

நல்ல பிள்ளை. தினமும் காலையில் கோல் எடுப்பாள். "டீச்சரம்மா, நல்லா தூங்கினீங்களா?" உடனே பெரியம்மாவுக்கு ஒரு சிரிப்பு வரும். என்னிடம் சொல்லாத நெஞ்செரிச்சலை எல்லாம் அவளிடம் சொன்னார். பெரியம்மாவுக்குக் கண் மங்கல், நம்பரை வாசிக்க முடியாது. போனில் ஷம்ராவின் படத்தைப் பெரிதாக வைத்துக் கொடுத்ததே நான்தான். படத்தைத் தொட்டால் கோல் போகும்.

சுவர் அமைதியாகிவிட்டது.

ஒருநாள் கேட்டேன். "பெரியம்மா, நான் பக்கத்து ரூம்லதானே இருக்கேன். என்னையக் கூப்பிட்டா என்னவாம்?"

"வந்துட்டா யூடியூப் டொக்டரு" என்று சிரித்தார். "கோவிச்சுக்காத யசோ. நீ சும்மா பாக்குறவ. அவ காசு வாங்கிட்டுப் பாக்குறவ. ஒண்ணுன்னா அவதான் பொறுப்பு. எனக்கு அதுதான் தைரியம்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்துக் கொடுத்தேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்து, 'இரண்டு வாரம் மாத்தளைக்குப் போகிறேன், கோல் வேண்டாம்' என்று அவர் பெயரில் மெம்பர்ஷிப்காரர்களுக்கு மெசேஜ் போட்டேன். ஷம்ராவின் படத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் இருந்த நம்பரை அழித்து என்னுடையதைப் போட்டேன். என் போனைச் சைலண்டில் வைத்தேன். பெரியம்மா அழைப்பார், யாரும் எடுக்கமாட்டார்கள், நாலு நாளில் வெறுத்துப்போய்ச் சுவரைத் தட்டுவார். என் யோசனை அவ்வளவுதான்.

"என்னடி இது, இந்தப் புள்ள போனே எடுக்குதில்ல?"

"காசு கைக்குப் போயிட்டா அப்படித்தான் பெரியம்மா."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் போன் மின்னியது. பெரியம்மா. நான் எடுக்கவில்லை. மறுபடியும் மின்னியது. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம். மாரடைப்பு என்று எனக்குத் தெரிந்தது, அதையும்தான் படித்திருக்கிறேனே. ஆறு தடவை அழைத்தார். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு தட்டு, சேர். ஒன்றே ஒன்று போதும் என்றுதான் இருந்தது.

கடைசியில் தட்டினார். நான் ஓடினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. போன் கைக்கு எட்டாமல் கிடந்தது, அதை நான் எடுத்துக்கொண்டேன்.

"நான் வந்துட்டேன் பெரியம்மா."

"ஷம்ராவ... ஷம்ராவக் கூப்புடுடி."

"சரி பெரியம்மா" என்றேன். கூப்பிடவில்லை. அம்புலன்ஸுக்கும் அழைக்கவில்லை. பதற்றத்தில் மறந்ததாக வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள், நான் மறக்கவில்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவு நாளைக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் வேறு யாருமில்லை. இடையிடையே அந்தப் பெயரைச் சொன்னார்தான். வலியில் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள்.

போன் என் இடது கையில் இருந்தது. பெரியம்மா அந்தக் கையைத்தான் பிடித்தார். நாற்பது நிமிஷம், உயிர் போகும்வரை, விரல் விரலாகப் பிரிக்கப் பார்ப்பதுபோல அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார், விடவேயில்லை. அத்தனை காசு கட்டியும் கடைசியில் அவர் தேடியது என்னைத்தான், இல்லையா சேர்? சொல்லுங்களேன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?