கருத்தம்மாள் மாட்டின் ஜலதோஷம்

எனக்கு மாடு என்றால் பயம் கிடையாது மேடம். மாட்டுக்கு மூக்கு இருக்கிற பக்கமே கொம்பும் இருக்கிறது, அவ்வளவுதான்.

ராஜபாளையம் ஆய்வகத்தில் நான் சேர்ந்தபோது, குழாயில் வருகிற சளியை மெஷினில் போட்டு வைரஸ் இருக்கிறதா பார்ப்பதுதான் வேலை என்றார்கள். பிறகு ஆள் இல்லை என்று, மம்சாபுரத்துக்குப் போய் மாடுகளின் மூக்கில் குச்சி விட்டு நீங்களே சளி எடுத்து வாருங்கள் என்றீர்கள். போனேன். முதல் மாடு கருத்தம்மாளுடையது. அது குச்சியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். கயிற்றைப் பிடிக்க ஆள் கூப்பிடப் போயிருந்த கருத்தம்மாள் திரும்பியபோது, எடுத்தாயிற்று என்றேன்.

"ஆரையும் கிட்ட விடாத மாடாச்சே தம்பி, ஒங்களுக்கு எப்பிடி நின்னுச்சு?" என்று வியந்து மோர் கொடுத்தாள். குடித்தேன். மாட்டின் காதில் கிடந்த நம்பரைக் குழாயில் எழுதிக்கொண்டு, ஊரில் மற்ற மூன்று வீட்டு மாடுகளிடமும் அதே மரியாதையோடு நடந்துகொண்டேன்.

வெறும் குச்சியை உங்களிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அது மோசடி. சளி கேட்டீர்கள், சளி தருவதுதான் முறை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் நான், மனைவி அன்னாள், மாமியார், மச்சினன் எட்வின் என்று நான்கு பேர். அரசாங்கப் பரிசோதனை என்றேன். ஆளுக்கொரு மாடு வந்தது. கிழட்டு மாட்டை வயதுக்குத் தக்கபடி மாமியாருக்கு ஒதுக்கினேன். மாமியார் ஜெபம் பண்ணிக்கொண்டே மூக்கைக் காட்டினார். குச்சி மாட்டுக்கான நீளம் என்பதால் எட்வின் மட்டும் கொஞ்சம் கத்தினான்.

மூன்று மாடுகள் சுத்தம் என்று வந்தது. கருத்தம்மாள் மாட்டில் வைரஸ். அது அன்னாள். அவளுக்கு அந்த வாரம் ஜலதோஷம். மாட்டைப் பிடிக்கிற வைரஸ் ஒன்றும், மனிதருக்குச் சளி பிடிக்க வைக்கிற வைரஸ் ஒன்றும் நெருங்கிய சொந்தம் என்றும், நம் மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றும் நீங்கள் இன்று சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாட்டைத் தனியாகக் கட்டச் சொன்னீர்கள். பால்காரர் அந்த வீட்டுப் பாலைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். கருத்தம்மாளுக்கு அந்த ஒரு மாடுதான் பிழைப்பு. என் வீட்டுக்கே வந்து, "கறந்தத எங்க கொண்டு ஊத்த தம்பி? எம் மாடு ஒரு தும்மல்கூட போடலியே" என்று அழுதாள். உள்ளே அன்னாள் தும்மினாள்.

எனக்கும் மனசாட்சி இருக்கிறது. மறுபரிசோதனையில் சுத்தம் என்று வந்தால் மாட்டை விட்டுவிடலாம் என்றீர்கள். ஆகவே மாட்டைக் குணப்படுத்த லீவு போட்டேன். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். மிளகு ரசம் வைத்தேன். நெஞ்சில் தைலம் தேய்த்தேன்.

"கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல ஒருநாளும் என்னைய இப்பிடிப் பாத்ததில்லயேங்க" என்று அன்னாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கருத்தம்மாளை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை கருத்தம்மாள் வந்தபோது நல்ல செய்தி சொல்லி அனுப்பினேன். "கவலப்படாதீங்கக்கா. காய்ச்சல் விட்டுருச்சு. நேத்து ரெண்டு வாய் ரசஞ்சோறு எறங்குச்சு."

அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். "எந் தொழுவத்துல நிக்கிற மாடு அந்தத் தம்பி வீட்டுல எப்ப மேடம் ரசஞ்சோறு தின்னுச்சு?" என்று கேட்டதாகச் சொன்னீர்கள். நியாயமான கேள்வி. நீங்களே போய்ச் சளி எடுத்தீர்கள். மாடு சுத்தம். பால்காரரும் இன்று பால் எடுத்துவிட்டார். என் வைத்தியம் பலித்தது என்று நான் பெருமை பேசவில்லை.

ஆனால் முதலில் வந்த சளி யாருடையது என்று கேட்டு நீங்கள் அன்னாளுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டாம். வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் எந்த மாடுங்க?"

பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன். அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சுந்தரபாண்டியத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். நான் போன் பண்ணினால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள்.

மற்றதெல்லாம் எனக்குப் புரிகிறது மேடம், தப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். இது ஒன்றுதான் புரியவில்லை. அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த நாலு மாட்டில் அதிகம் கறக்கிறதை அவளுக்குத்தான் கொடுத்திருந்தேன்.